பால்மரத்தடியில் இயற்பியல்

(தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கென ஆற்றிய அறிவியல் உரையின் எழுத்து வடிவம்)

 

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இயற்பியல். முன்னாளில் இதனைப் பௌதிகம் என்று வழங்கினோம். இடைநிலைப் பள்ளிகளில் மலாய் மொழியில் ‘ஃபிசிக்’ என்கின்றனர். பொழுது புலருமுன் எழுந்து, நிரையில் மரம் வெட்டி, பாலெடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்து வீடு திரும்பும் மக்களிடம் இயற்பியலைப் பற்றிப் பேசுவானேன் என்று உங்களுள் சிலர் எண்ணலாம். காரணம் இருக்கிறது.

நம் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியில் அறிவியலைத் தமிழில் கற்கின்றனர். இடைநிலைப் பள்ளிக்குச் சென்றதும் அதே பாடம் புதிய சொற்களுடன் அவர்கள் முன் வந்து நிற்கிறது. நான்காம் படிவத்தில் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் வேளையில், “இயற்பியல் எனக்கு வராது” என்று பிள்ளை சொல்லுகிறது. “நமக்கு என்ன தெரியும்? உனக்கு எது வருமோ அதையே படி” என்று பெற்றோர் சொல்லுகின்றனர். இவ்வாறு ஒரு மாலைப் பொழுதில், இரண்டு வாக்கியங்களில், பொறியியலுக்கும் தொழில்நுட்பத்துக்கும் செல்லும் வழிகளுள் பல அடைபட்டு விடுகின்றன.

“நமக்கு என்ன தெரியும்?” என்று கேட்கிறீர்கள். உங்களுக்குத் தெரிந்திருப்பது மிகுதி என்பதே என் விடை. நான்காம், ஐந்தாம் படிவ நூல்களில் விசை, அழுத்தம், மீள்மை முதலிய தலைப்புகளில் எழுதப்பட்டிருக்கும் செய்திகளை நீங்கள் ஆண்டாண்டு காலமாகக் கையால் செய்து வருகிறீர்கள். அவற்றின் பெயர்கள் மட்டுமே உங்களுக்கு அறிமுகமாகாதவை. அப்பெயர்களை இன்று ஒவ்வொன்றாக அறிமுகம் செய்கிறேன்.

காண்டா கட்டை கற்பிக்கும் பாடம்

முதலில் காண்டா கட்டையை எடுத்துக்கொள்வோம். இன்று பல இடங்களில் மோட்டார் சைக்கிள் பாலைச் சுமக்கிறது. ஆயினும் தோளில் காண்டா வைத்து இரு பக்கமும் வாளி தொங்கவிட்டு நடந்த நாட்களை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இரண்டு வாளிகளிலும் பால் ஒரே அளவாக இருந்தால் கட்டையின் நடுப்பகுதி தோளில் இருக்கும். முன்வாளியில் மிகுதியாகவும் பின்வாளியில் குறைவாகவும் இருந்தால் என்ன செய்வீர்கள்? கட்டையை நகர்த்தி, கனமான வாளியைத் தோளுக்கு அருகில் கொண்டு வருவீர்கள். ஒருவரும் கணக்குப் போட்டுப் பார்த்து இதைச் செய்ததில்லை, தோளே சொல்லிவிடும். அந்தத் தோள் சொன்ன கணக்கு இதுதான்: கட்டையின் நீளம் 150 சென்டிமீட்டர் என்று கொள்வோம். முன்வாளி 20 கிலோ, பின்வாளி 10 கிலோ. தோள் முன்வாளியிலிருந்து 50 சென்டிமீட்டர் தொலைவிலும் பின்வாளியிலிருந்து 100 சென்டிமீட்டர் தொலைவிலும் இருந்தால் கட்டை சமநிலையில் நிற்கும். 20-ஐ 50-ஆல் பெருக்கினால் 1000. 10-ஐ 100-ஆல் பெருக்கினாலும் 1000. இரு பக்கப் பெருக்குத் தொகையும் ஒன்றாக இருப்பதே சமநிலை. இதனை நெம்புகோல் தத்துவம் என்பர். மலாய் நூலில் ‘துவாஸ்’ என்று இருக்கும்.

இங்கே ஒன்றை மறந்துவிடலாகாது. சமநிலை ஏற்பட்டதனால் சுமை குறைந்துவிடவில்லை. வாளிகளை எங்கே தொங்கவிட்டாலும் தோள் தாங்குவது 30 கிலோவும் கட்டையின் எடையுந்தான். காண்டா சுமையைக் குறைக்காது. அது ஒரு பக்கம் சாயாதபடி காக்கும்.

ஆனால் நல்ல காண்டா இன்னொரு நன்மையும் செய்கிறது. நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் உடல் சற்று உயர்ந்து தாழ்கிறது. விறைப்பான இரும்புத் தண்டாக இருந்தால் அந்த அசைவு முழுவதும் வாளிகளுக்குச் சென்று, ஒவ்வோர் அடியிலும் தோளை வெட்டி இழுக்கும். வளைந்து கொடுக்கும் மூங்கிலோ நல்ல மரமோ அந்த அதிர்ச்சியைத் தான் வாங்கிக்கொள்கிறது. ஆகவேதான் நம் முன்னோர் காண்டாவுக்கு வளைந்து மீளும் கட்டையாகத் தேடி எடுத்தனர்.

வளையும் கட்டைக்குள் நடப்பது என்ன? நடுவில் தோளும் இரு முனைகளில் சுமையும் இருக்கும்போது கட்டையின் மேற்புறம் நீள்கிறது; கீழ்ப்புறம் சுருங்குகிறது. நடுப்பகுதி நீளவும் இல்லை, சுருங்கவும் இல்லை. வேலை செய்வது பெரும்பாலும் மேற்புறமும் கீழ்ப்புறமுமே. மூங்கிலின் நடு வெற்றிடமாக இருந்தும் அது வலுவாக இருப்பதற்கு இதுவே காரணம். சைக்கிளின் சட்டமும், செம்பனைக் குலை வெட்டும் நீண்ட அலுமினியக் கோலும் குழாய்களாக இருப்பதற்கும் இதுவே காரணம். அலுமினியம் இரும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே உடையது. ஆதலால் கை தளராமல் தூக்க முடிகிறது. ஆயின் அது மின்சாரத்தை நன்கு கடத்தும் உலோகம். மின்கம்பி செல்லும் வழியில் அக்கோலை நிமிர்த்துவது உயிருக்கு உலை வைக்கும். ஒரு பொருளின் பண்புகளுள் ஒன்றை மட்டும் அறிந்து மற்றொன்றை அறியாதிருப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இது சான்று.

சுமை தூக்கும் கட்டையின் மேற்புறத்தில் கத்தியால் வெட்டுத் தடம் போடாதீர்கள் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. மேற்புறமே இழுபடும் புறம். அங்கு ஒரு சிறு வெட்டு இருந்தாலும் இழுவிசை அதனை மேலும் மேலும் திறந்து கட்டையை முறித்துவிடும். பெரியவர்களின் எச்சரிக்கையும் பொறியியல் நூலின் விதியும் ஒன்றே.

உளியும் அழுத்தமும்

அடுத்து, பால் வெட்டும் உளி. உளியைத் தீட்டாமல் நிரைக்குள் இறங்கும் நல்ல வெட்டுக்காரர் எவரும் இல்லை. கூர் ஏன் தேவைப்படுகிறது?

நீங்கள் கையால் தரும் விசை 20 நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். இது 2 கிலோ எடையைத் தூக்கத் தேவைப்படும் விசைக்கு ஏறத்தாழச் சமம். உளியின் விளிம்பில் 10 மில்லிமீட்டர் நீளம் பட்டையில் படுகிறது. கூரான விளிம்பின் தடிப்பு 0.1 மில்லிமீட்டர் என்றால், விசை படும் பரப்பு 1 சதுர மில்லிமீட்டர். விளிம்பு மழுங்கி 0.5 மில்லிமீட்டர் ஆகிவிட்டால் பரப்பு 5 சதுர மில்லிமீட்டர். அதே கை, அதே விசை; ஆனால் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டருக்கும் கிடைக்கும் பங்கு ஐந்தில் ஒன்றாகக் குறைந்துவிட்டது. பழையபடி வெட்ட வேண்டுமானால் 20 நியூட்டனுக்குப் பதில் 100 நியூட்டன் விசை தர வேண்டும். ஒரு பரப்பின் மீது விசை எவ்வாறு பகிர்ந்து விழுகிறது என்பதையே அழுத்தம் என்கிறோம். மலாயில் ‘தெக்கானான்’.

மழுங்கிய உளியால் தோள் வலிப்பது மட்டுமா? மிகுந்த விசையுடன் தள்ளும்போது கை கட்டுப்பாட்டை இழக்கிறது. ஒரு வெட்டுக்குச் செலவாக வேண்டிய பட்டை ஒன்றரை மில்லிமீட்டருக்குள்ளேயே அடங்க வேண்டும். பட்டைக்கும் மரக்கட்டைக்கும் இடையே வளர்ச்சியைத் தரும் மெல்லிய படலம் இருக்கிறது. உளி அதைத் தொட்டுவிட்டால் மரம் புண்படும். ஆறிய இடத்தில் முண்டும் முடிச்சும் தோன்றும். மறுமுறை அப்பட்டையில் சீராக வெட்ட இயலாது. கூரான உளி உழைப்பாளியின் தோளையும் காக்கிறது. மரத்தின் ஆயுளையும் காக்கிறது.

அழுத்தம் உளியில் மட்டும் இல்லை, மரத்துக்குள்ளும் இருக்கிறது. பட்டையில் உள்ள நுண்ணிய பால் குழாய்களில் விடியற்காலையில் வளிமண்டல அழுத்தத்தைப் போல் 10 முதல் 15 மடங்கு அழுத்தம் இருப்பதாக ஆய்வாளர் அளந்து கண்டிருக்கின்றனர். ஒரு காரின் டயரில் நாம் அடைக்கும் காற்றழுத்தத்தைப் போல் இது ஏறத்தாழ ஐந்து மடங்கு அல்லது அதற்கும் மேல். வெட்டியவுடன் பால் பீறிட்டு வருவதற்கு இவ்வழுத்தமே காரணம். வெயில் ஏற ஏற இலைகள் நீரை ஆவியாக வெளியிடுகின்றன; மரத்தின் நீர்நிலை இறங்குகிறது; பால் குழாய்களின் அழுத்தமும் தணிகிறது. இருளில் தலைவிளக்குடன் நிரைக்குச் செல்லும் வழக்கத்தின் பின்னால் இருப்பது இந்த இயற்பியல்தான்.

வெட்டுக்கோட்டின் சாய்வையும் நோக்குங்கள். இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்து, ஒட்டுமரத்தில் ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில் வெட்டுகிறோம். பால் குழாய்கள் செங்குத்தாக நில்லாமல் சற்றே வலப்புறம் சாய்ந்து ஏறுகின்றன. ஆதலால் இடமிருந்து வலமாகத் தாழும் வெட்டு மிகுதியான குழாய்களை அறுக்கிறது. 30 பாகைச் சாய்தளத்தில் ஒரு பொருளைக் கீழ்நோக்கி இழுக்கும் விசை அதன் எடையில் சரிபாதி. சாய்வு குறைந்தால் பால் கோட்டில் தேங்கி விளிம்பைத் தாண்டி வழியும். சாய்வு மிகுந்தால் பட்டை வீணாகும். ஐந்தாம் படிவ மாணவன் தாளில் வரையும் சாய்தளத்தை அவன் தந்தை மரத்தில் வரைந்து கொண்டிருக்கிறார்!

ஸ்டோரில் அடர்த்தி

பாலைக் கொண்டுவந்து ஸ்டோரில் ஊற்றுகிறோம். அங்கே மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவியைப் பலர் பார்த்திருப்பீர்கள். பாலில் ஒரு பங்குக்கு இரு பங்கு நீர் கலந்து, அதில் அக்கருவியை மிதக்க விட்டு, எந்தக் கோடு வரை அமிழ்கிறது என்று பார்ப்பார்கள்.

ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ எடை உள்ளது. ஒரு லிட்டர் கன அளவுள்ள உலர்ந்த ரப்பர் ஏறத்தாழ 0.92 கிலோதான். ரப்பர் கட்டி நீரில் மிதப்பது இதனாலேயே. இவ்வாறு ஒரு குறிப்பிட்ட கன அளவுக்குள் அடங்கிய எடையை அடர்த்தி என்கிறோம்; மலாயில் ‘கெதும்பாத்தான்’. பாலில் ரப்பர் மிகுந்தால் அதன் அடர்த்தி குறையும். மிதவை ஆழமாக அமிழும். ரப்பர் குறைந்து நீர் மிகுந்தால் அடர்த்தி கூடும். மிதவை மேலே நிற்கும். திடமான பால் கனமாக இருக்கும் என்று நாம் எண்ணுவோம். உண்மை அதற்கு நேர்மாறு. இயற்பியலின் சுவையே இதில்தான் இருக்கிறது. எண்ணியதை அளந்து பார்க்கச் சொல்லும் கல்வி அது.

இந்த அளவு உங்கள் வருமானத்தைத் தொடுவது. 20 கிலோ பாலில் உலர்ந்த ரப்பர் நூற்றுக்கு 35 பங்கு என்றால் 7 கிலோ ரப்பர். நூற்றுக்கு 30 பங்கு என்றால் 6 கிலோ. ஒரே வாளி, ஒரே எடை, கணக்கில் ஒரு கிலோ வேறுபாடு. மழைநீர் விழுந்த பாலுக்கு ஏன் கணக்குக் குறைகிறது என்பது இதனால் விளங்கும். இன்று பல இடங்களில் பாலை மங்கிலேயே உறையவிட்டுக் கட்டியாக விற்கின்றனர். அங்கும் இதே கேள்விதான்: கட்டியின் எடையில் ரப்பர் எவ்வளவு, நீர் எவ்வளவு? இக்கணக்கைப் பிள்ளையிடம் கொடுத்துப் போடச் சொல்லுங்கள். விழுக்காடு என்னும் பாடமும், அடர்த்தி என்னும் பாடமும், குடும்பத்தின் வரவு செலவும் ஒரே தாளில் வந்து நிற்கும்.

சுருள்வில் தராசும் ஹூக்கின் விதியும்

எடை பார்க்கும் தராசுக்கு வருவோம். சுருள்வில் தராசில் ஒரு கிலோவைத் தொங்கவிட்டால் வில் ஓரளவு நீள்கிறது. இரண்டு கிலோவுக்கு அதன் இரு மடங்கு. மூன்று கிலோவுக்கு மும்மடங்கு. தராசின் முகத்தில் கோடுகள் சம இடைவெளியில் இருப்பதற்கு இதுவே காரணம். இழுக்கும் விசை எவ்வளவோ, அதற்கேற்ற விகிதத்தில் நீட்சி என்னும் இவ்விதியை இங்கிலாந்து நாட்டு அறிஞர் ராபர்ட் ஹூக் 1678-ஆம் ஆண்டில் வெளியிட்டார். வெளியிடுவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, பிறர் தம் கண்டுபிடிப்பைத் தமதென்று சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, எழுத்துகளை மாற்றி அடுக்கிய புதிராக அதனை அச்சிட்டு வைத்திருந்தார்!

விசை நீங்கியதும் பழைய வடிவுக்குத் திரும்பும் பண்புக்கு மீள்மை என்று பெயர். மலாயில் ‘கெக்கென்யாலான்’. ஆயின் ஒவ்வொரு பொருளின் மீள்மைக்கும் ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லைக்கு மேல் இழுத்துவிட்டால் வில் பழைய நீளத்துக்குத் திரும்பாது. அளவுக்கு மீறிய சுமையை ஒருமுறை தாங்கிய தராசு அதன்பின் எந்நாளும் பொய் சொல்லக்கூடும். ஆகவே எடை போடுமுன், கொக்கியில் ஒன்றும் இல்லாதபோது முள் சுழியத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். பார்ப்பது உங்கள் உரிமை. பார்க்கத் தெரிவது உங்கள் அறிவு.

ரப்பரின் தனித்தன்மை

இனி, நம் வாழ்வோடு பிணைந்த ரப்பருக்கு வருவோம். 1876-ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்பார் பிரேசில் நாட்டிலிருந்து ரப்பர் விதைகளை இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். அடுத்த ஆண்டில் 22 நாற்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றுள் சில பேராக் மாநிலத்தின் கோலகங்சாரில் நடப்பட்டன. 1888-இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைச் சிதைக்காமல் பட்டையை மட்டும் சிறிது சிறிதாகச் சீவிப் பாலெடுக்கும் முறையை வகுத்தார். நீங்கள் இன்று செய்வது அம்முறையின் வழிவந்ததே.

ஆய்வுக்கூட அறிஞரையும் திகைக்க வைத்த பொருள் இந்த ரப்பர். ஒரே தடிப்புள்ள எஃகுக் கம்பியையும் ரப்பர் இழையையும் சிறிதளவு நீட்ட முயன்றால், எஃகுக்குத் தேவைப்படும் விசை ரப்பருக்குத் தேவைப்படுவதைப் போல் ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்கு. எஃகுக் கம்பியைச் சூடாக்கினால் நீள்கிறது. தண்டவாளத் துண்டுகளுக்கிடையே இடைவெளி விட்டதும் அதனால்தான். எடை தொங்கவிட்டு நீட்டி வைத்த ரப்பரைச் சூடாக்கினால் நீளும் என்றுதானே எதிர்பார்ப்போம்? அது சுருங்குகிறது; தொங்கும் எடையை மேலே தூக்குகிறது!

இதனை முதலில் கண்டு உரைத்தவர் ஜான் காஃப் என்னும் ஆங்கிலேயர். சிறு வயதிலேயே அம்மை நோயால் பார்வையை இழந்தவர் அவர். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர்ப் பட்டையைச் சட்டென்று இழுத்து உதட்டில் வைத்துப் பார்த்தார். அது வெதுவெதுப்பாக இருந்தது. தளரவிட்டு வைத்தபோது குளிர்ந்திருந்தது. பின்னர் 1859-ஆம் ஆண்டில் ஜூல் என்னும் அறிஞர் அதனைத் துல்லியமாக அளந்து உறுதி செய்தார். கண் இல்லாதவர் உதட்டையே கருவியாகக் கொண்டு கண்ட உண்மை இன்றும் பல்கலைக்கழகங்களில் கற்பிக்கப்படுகிறது. வசதி இல்லை, கருவி இல்லை என்று மனம் தளரும் மாணவச் செல்வங்கள் இவரை நினைவில் கொள்ள வேண்டும்.

ரப்பர் ஏன் இவ்வாறு நடந்துகொள்கிறது? 1920-ஆம் ஆண்டில் ஹெர்மன் ஸ்டாடிங்கர் என்னும் ஜெர்மானிய அறிஞர், இத்தகைய பொருள்கள் மிக நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகளால் ஆனவை என்று எழுதினார். முதலில் பலர் ஏற்கவில்லை. 1953-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. திடலில் ஐம்பது பிள்ளைகள் கைகோத்து நிற்பதாக எண்ணிக் கொள்ளுங்கள். அவர்கள் மனம்போல் குதித்தாடினால் சங்கிலி நெளிந்து வளைந்து, இரு முனைகளும் நெருங்கி வந்துவிடும். இரு பெரியவர்கள் முனைகளைப் பற்றி நேராக இழுத்தால் சங்கிலி நீளும். விட்டால் மறுபடியும் நெளியும். பிள்ளைகள் எவ்வளவு துள்ளுகிறார்களோ அவ்வளவு வலிமையாகப் பெரியவர்களின் கைகள் உள்நோக்கி இழுக்கப்படும். மூலக்கூறுகளின் துள்ளலே வெப்பம். ஆகவேதான் சூடேறிய ரப்பர் மேலும் இறுக இழுக்கிறது.

பச்சை ரப்பர் ஷீட்டை நீண்ட நேரம் இழுத்து வைத்தால் அது முழுவதும் மீள்வதில்லை. சங்கிலிகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் சென்றுவிடுகின்றன. வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். 1839-ஆம் ஆண்டில் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் ரப்பருடன் கந்தகம் கலந்து சூடாக்கினால் இக்குறை நீங்குவதைக் கண்டார். கந்தகம் சங்கிலிக்கும் சங்கிலிக்கும் இடையே பாலங்கள் அமைக்கிறது. வழுக்கல் நிற்கிறது, மீள்மை நிலைக்கிறது. இந்தப் பாலங்கள் இல்லையேல் டயர் இல்லை. உலகத்துக்குச் சக்கரம் ஓட வழி தந்த குட்இயர் 1860-இல் கடனாளியாகவே மறைந்தார்.

மீள்மையிலும் ஒரு சிறு இழப்பு உண்டு. ரப்பரை நீட்டச் செலவிட்ட ஆற்றல் முழுவதும் திரும்ப வருவதில்லை. ஒரு பகுதி வெப்பமாகிறது. காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் மிகுதியாக நசுங்கி நிமிர்வதால் விரைவில் சூடேறி வெடிக்கக்கூடும். பால் ஏற்றிச் செல்லும் மோட்டார் சைக்கிளானாலும் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வேனானாலும், டயரின் காற்றைப் பார்த்த பின்னரே புறப்பட வேண்டும்.

கட்டடத்தைத் தாங்கும் ரப்பர்

நீங்கள் வடிக்கும் பால் டயராகவும் கையுறையாகவும் உலகெங்கும் செல்வதை அறிவீர்கள். அது கட்டடங்களையும் தாங்குகிறது என்பதை அறிவீர்களா?

ரப்பரை நீட்டினால் அது மெலிகிறது. ஆனால் கன அளவு மாறுவதில்லை. அழுத்தினால் பக்கவாட்டில் பிதுங்குகிறது. பிதுங்க விடாமல் தடுத்துவிட்டால் அழுந்தவே மறுக்கிறது. இப்பண்பை வைத்துப் பொறியியலாளர்கள் ஓர் ஏற்பாடு செய்தனர். மெல்லிய ரப்பர்த் தகடும் எஃகுத் தகடும் மாறி மாறி அடுக்கி ஒட்டினர். எஃகு ரப்பரைப் பிதுங்க விடாது. ஆதலால் அந்த அடுக்கு மேலிருந்து வரும் பெருஞ்சுமையை அசையாமல் தாங்கும். ஆனால் பக்கவாட்டில் தள்ளினால் மென்மையாக அசைந்து கொடுக்கும். நிலநடுக்கத்தின்போது தரை பக்கவாட்டில் ஆடுகிறது. கட்டடத்தின் கீழ் இவ்வடுக்குகள் இருந்தால், தரையின் ஆட்டத்தில் பெரும்பகுதி கட்டடத்தைச் சென்றடையாது.

மலேசிய ரப்பர் உற்பத்தியாளரின் ஆதரவில் இங்கிலாந்தில் இயங்கிய ஆய்வு நிலையம் இதற்கேற்ற ரப்பரை உருவாக்கியது. அதனைக் கொண்டு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஒரு நீதிமன்றக் கட்டடம் 1985-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது. அந்நாட்டில் இம்முறையில் எழுந்த முதற்கட்டடம் அது. நம் நாட்டில் 2014-இல் திறக்கப்பட்ட பினாங்கின் இரண்டாவது பாலமும் இத்தகைய இயற்கை ரப்பர்த் தாங்கிகளின் மீதே நிற்கிறது. காண்டா கட்டை உங்கள் தோளுக்குச் செய்த அதே உதவியை, ரப்பர் அப்பாலத்துக்குச் செய்கிறது. வளைந்து கொடுத்து அதிர்ச்சியை வாங்கிக் கொள்வதே அவ்வுதவி.

அத்தாங்கிகளை வடிவமைத்தவர்கள் எங்கே தொடங்கினர்? சுருள்வில்லில் எடையைத் தொங்கவிட்டு நீட்சியை அளக்கும் பள்ளிப் பாடத்தில் தொடங்கினர். ரப்பரை அறிந்தவர் வீட்டுப் பிள்ளைகள் அவ்வரிசையில் நிற்க வேண்டாமா?

வீட்டில் செய்யத்தக்கவை

சொல்வதோடு நின்றுவிடாமல், வீட்டிலேயே செய்யத்தக்க மூன்று சோதனைகளைக் கூறுகிறேன். இவற்றுக்குப் பெருஞ்செலவு ஏதும் இல்லை.

முதலாவது: ஒரு ரப்பர் வளையத்தை ஆணியில் மாட்டுங்கள். அதில் ஒரு பிளாஸ்டிக் பையைத் தொங்கவிட்டு, அரைக் குவளை அரைக் குவளையாக நீர் ஊற்றுங்கள். ஒவ்வொரு முறையும் வளையத்தின் நீளத்தை அளந்து பிள்ளை குறித்துக்கொள்ளட்டும். நீட்சி சீராகச் செல்கிறதா, எங்கே மாறுகிறது என்று பாருங்கள். ரப்பர் சுருள்வில்லைப் போல் ஹூக்கின் விதிக்கு முழுதும் கட்டுப்படாது என்பதைப் பிள்ளை தானே கண்டுகொள்ளும்.

இரண்டாவது: அகலமான ரப்பர் வளையத்தைச் சட்டென்று நீட்டி மேலுதட்டில் வையுங்கள். பின்பு சற்று நேரம் நீட்டியே வைத்திருந்து, தளரவிட்டு மறுபடியும் வையுங்கள். காஃப் கண்டதை நீங்களும் உணர்வீர்கள்.

மூன்றாவது: முதற்சோதனையில் தொங்கும் வளையத்தின் அருகே வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் கொண்டு செல்லுங்கள். பை மேலேறுகிறதா என்று அளந்து பாருங்கள். வெந்நீரைப் பெரியவர்களே கையாள வேண்டும்.

இவற்றோடு இன்னொரு வேண்டுகோள். மாலையில் பிள்ளை புத்தகத்தை விரிக்கும்போது, “இன்று என்ன படித்தாய்?” என்று கேளுங்கள். ‘தெக்கானான்’ என்று பிள்ளை சொன்னால், “அது உளியின் கூர்தானே” என்று சொல்லுங்கள். ‘கெதும்பாத்தான்’ என்றால் மெட்ரோலாக்கை நினைவூட்டுங்கள். ‘கெக்கென்யாலான்’ என்றால் தராசைக் காட்டுங்கள். மலாய்ச் சொல்லுக்கும் தமிழ்ச் சொல்லுக்கும் நடுவே உங்கள் தொழில் ஒரு பாலமாக நிற்கும். தேர்வில் எழுத வேண்டிய விடையை நீங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை; அதற்கு ஆசிரியர் இருக்கிறார். இந்தப் பாடம் நம்மைச் சேர்ந்தது என்னும் துணிவைத் தருவது உங்களால்தான் முடியும்.

நான்காம் படிவத்துக்குரிய பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் தாள் உங்கள் வீட்டுக்கு வரும்போது, “நமக்கு என்ன தெரியும்?” என்று சொல்லிக் கையெழுத்திடாதீர்கள். பள்ளிக்குச் சென்று ஆசிரியரைப் பாருங்கள். பிள்ளைக்கு எதில் நாட்டம், எதில் தளர்ச்சி என்று கேட்டறியுங்கள். கணிதத்தில் குறை இருந்தால் அதனை நிறைவு செய்ய வழி தேடுங்கள். அதன்பின் கையெழுத்திடுங்கள். பிள்ளை எப்பிரிவைத் தேர்ந்தாலும் அது அச்சத்தினால் எடுத்த முடிவாக இருக்கலாகாது.

பட்டையை ஒன்றரை மில்லிமீட்டருக்குள் சீவும் கை துல்லியம் அறிந்த கை. அந்தத் துல்லியம் உங்கள் பிள்ளைகளின் ஏட்டிலும் இடம்பெற வேண்டும் என்று வாழ்த்தி, என் உரையை நிறைவு செய்கிறேன்.